கப்பலில் இரண்டு பந்தி

அம்மாவுக்கு எழுபது வயது நிறையப் போகிறது, என்ன வேண்டும் என்று கேட்டோம். கேட்டோம் என்றால் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கேட்கவில்லை. அண்ணன் சிகாமட்டில் தன் வீட்டில் வைத்துக் கேட்டார். தம்பி ஜொகூர் பாருவிலிருந்து போனில் கேட்டான். நடுவில் பிறந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் கேட்டேன். மூன்று பேருக்கும் அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ரெண்டு பேரும் என்கூட ஒக்காந்து பசியாறணும். வேற ஒண்ணும் வேணாம்."

அப்போது அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் அம்மாவும் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன், வருஷக் கடைசியில் மழை விடாமல் பெய்து ஆறு ஏறத் தொடங்கியபோது தம்பி அண்ணனுக்குப் போன் செய்தான். அப்பாவை உடனே ஜொகூர் பாருவுக்குக் கூட்டி வந்துவிடச் சொன்னான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் நிலையம் இருந்தது. அதற்கு முன்பும் ஒரு மாதம் அப்பா அவன் வீட்டில் தங்கிப் பார்த்திருந்தார். அண்ணன் மறுத்துவிட்டார். "நம்ம தாமான் மேடு. இங்கல்லாம் தண்ணி ஏறாது" என்று தங்கள் குடியிருப்பைப் பற்றிச் சொன்னார்.

ஏறியது. மின்சாரம் போனது, சாலை போனது. அப்பா மாடி அறையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். கால்கள் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் படகு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபோது அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தார். சுடுகாட்டில் அண்ணன் தோளில் குடத்தோடு நின்றபோது, தம்பி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "கொன்னவனே கொள்ளி வைக்கிறான்."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தோடு சுற்றி வந்து போட்டு உடைத்தார். அதோடு சரி. அதற்குப் பிறகு தீபாவளி, கல்யாணம், காதுகுத்து எதுவாக இருந்தாலும் ஒருவர் காலையில் வந்தால் மற்றவர் சாயங்காலம் வருவார். யார் எப்போது வருகிறார்கள் என்று விசாரித்துச் சொல்வது என் வேலையாகிப்போனது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை, ஜொகூர் பாருவில் வாடகை வீடு. விடியுமுன் பேருந்தில் எல்லைப் பாலம் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். எனக்கு நேரம் இருக்கிறது என்று குடும்பத்தில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

கப்பல் யோசனை என்னுடையதுதான். என்னோடு வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி தன் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போய்விட்டு வந்திருந்தாள். நான்கு இரவு. பினாங்கு, பூக்கெட், பிறகு திரும்பி சிங்கப்பூர். அவள் காட்டிய படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். தரையில் என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு கார் இருக்கிறது, கோபம் வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடலில் எங்கே போவார்கள்?

இரண்டு பேரும் வருவதற்கு ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். ஆளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். இரண்டும் ஒன்றே.

"வரேன். ஆனா அவன் இருக்கிற மேசையில நான் ஒக்கார மாட்டேன். அத நீ பாத்துக்க" என்றார் அண்ணன்.

"அக்கா, அம்மாவுக்காக வரோம். அந்த ஆளு மூஞ்சியப் பாத்துட்டு சாப்பிட முடியாது. நீயே ஏதாச்சும் அரேஞ்ச் பண்ணிடு லா" என்றான் தம்பி.

கப்பல்காரர்களின் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டேன். கப்பலில் எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இரவு உணவு இரண்டு பந்தி, ஐந்தரைக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று. அரங்கத்தில் ஆட்டம் பாட்டமும் இரண்டு காட்சி, ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. அண்ணனையும் அண்ணியையும் முதல் பந்தியில் போட்டு, சாப்பிட்டதும் முதல் காட்சிக்கு அனுப்பினேன். தம்பியையும் அவன் மனைவியையும் மகளையும் இரண்டாம் பந்தியில் போட்டு, பிறகு இரண்டாம் காட்சிக்கு அனுப்பினேன். ஒரு கூட்டம் அரங்கத்தை விட்டு வெளியே வரும்போது மற்றக் கூட்டம் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அறைகளைக்கூட அப்படித்தான் பிடித்தேன். அண்ணனுக்குக் கீழ்த்தளத்தில் இடது பக்கம், தம்பிக்கு மேல்தளத்தில் வலது பக்கம், நடுவில் ஒரு தளத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஓர் அறை.

அம்மாவைப் பங்கிட்டேன். முதல் இரவு அண்ணனோடு. இரண்டாம் இரவு தம்பியோடு. மூன்றாம் இரவு பிறந்தநாள். அதற்குத்தான் சண்டை.

"மூத்தவன் நான்தானே? என் வீட்லதானே இருக்காங்க?" என்றார் அண்ணன்.

"வருஷம் பூரா அங்கதானே இருக்காங்க? ஒரு நாள் எனக்குக் கெடையாதா?" என்றான் தம்பி.

கடைசியில் இரண்டு பந்தியிலும் அம்மாவுக்கு இடம் போட்டு, இரண்டு பந்திக்கும் ஒவ்வொரு கேக் சொல்லிவைத்தேன். அம்மா முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதில் சும்மா உட்கார்ந்து கேக்கை மட்டும் வெட்டட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அம்மா முதல் இரவே என் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்.

அன்று அண்ணனோடு உட்கார்ந்து மீனும் சோறும் சாப்பிட்டார். பரிமாறிய இந்தோனேசியப் பையனிடம் அண்ணன் மலாயில் பேசி சம்பல் கேட்டு வாங்கினார். நல்ல மனநிலையில் இருந்தார். கூடத்தை அண்ணாந்து பார்த்து, "அப்பா இருந்திருந்தா இந்த வெளக்க எல்லாம் எண்ணியிருப்பாரு" என்றார். அண்ணி அவர் கையைத் தட்டி, ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று எழுப்பினார். அவர்கள் போனதும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"சின்னவன் எப்ப வருவான்?"

"இன்னும் அரமணி நேரம். நீங்க ரூமுக்கு வாங்கம்மா. நாளைக்கு அவனோட சாப்பிடலாம்."

"புள்ள மட்டும் தனியா சாப்பிடுவானா? நான் சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கேன். ரூமுக்குப் போய்ட்டு வந்திடறேன்."

அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தம்பி வந்ததும், "அம்மா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "இல்லப்பா, உனக்காகத்தான் இருந்தேன்" என்றார். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அம்மா மறுபடியும் ஒரு தட்டு சோறு சாப்பிட்டார். அவனுடைய மகள் மிச்சம் வைத்த ஐஸ்கிரீமில் பாதியைச் சாப்பிட்டார். அவருக்கு நீரிழிவு உண்டு. வேளைக்கு வேளை சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறவர். "ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை நக்கினார்.

மறுநாளும் அதே மாதிரிதான். பினாங்கில் கப்பல் நின்றபோது தம்பி குடும்பம் இறங்கிப் போனது, அண்ணன் கப்பலிலேயே இருந்துவிட்டார். மாலையில் என் ஏற்பாட்டின்படி அது தம்பியின் முறை. ஆனால் முதல் பந்தி நேரத்துக்கு அம்மா சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். அண்ணனிடம், "நேத்து ஒன்னோட சாப்பிட்டது நல்லா இருந்துச்சு, அதான் வந்தேன்" என்றார். பிறகு தம்பியிடமும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். இரண்டு மகன்களும், அம்மா தன்னைத்தான் தேடி வருகிறார் என்று நினைத்தார்கள். அம்மா ஓர் ஆட்டத்தையும் பார்க்கவில்லை. அரங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அறைக்கு வந்து படுத்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தார்.

"ஏம்மா இப்படி ரெண்டு தடவ சாப்பிடறீங்க? அவங்க ரெண்டு பேரும் என்ன கொழந்தைங்களா?"

"ஒனக்குப் புள்ள இல்ல, ஒனக்குத் தெரியாது" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் விளக்கை அணைத்தேன்.

மூன்றாம் நாள் பூக்கெட்டை விட்டுக் கிளம்பிய பிறகு கடல் மோசமானது. மேசையில் வைத்த மங்குக் கிண்ணம் தானாக நகர்ந்தது. அம்மா நீலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டிருந்தார். சிகாமட்டிலிருந்தே இதற்கென்று எடுத்து வந்தது. முதல் பந்தியில் கேக் வந்தது, பணியாளர்கள் கைதட்டிப் பாடினார்கள், அண்ணன் அம்மாவுக்கு ஊட்டிவிட்டார். அம்மா கேக்கில் ஒரு துண்டும், சூப்பில் நான்கைந்து கரண்டியும்தான் எடுத்துக்கொண்டார். "என்ன, பிடிக்கலையா?" என்று அண்ணி கேட்டபோது, கப்பல் ஆடுவதால் குமட்டுகிறது என்றார். இரண்டாவது பந்திக்கு வயிற்றில் இடம் வைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணனும் அண்ணியும் எழுந்த நேரத்தில் கப்பல் முழுக்க அறிவிப்பு வந்தது. கடல் கொந்தளிப்பால் கயிற்றில் தொங்கும் ஆட்டம் ரத்து, அன்று இரண்டு காட்சி கிடையாது, எட்டு மணிக்கு ஒரே காட்சி. நான் மூன்று வாரமாக உட்கார்ந்து போட்டுவைத்த ஏற்பாடு ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. உடனே தம்பி என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, ஷோ எட்டு மணிக்கு மாத்திட்டாங்க. பாப்பா கட்டாயம் பாக்கணும்னு அழுவுறா. நாங்க ஷோ முடிஞ்சு வந்து சாப்பிடறோம். டேபிள மாத்திடு. அம்மா வெயிட் பண்ணுவாங்கல்ல?"

"அம்மா இப்ப ரூமுக்குப் போயிருக்காங்க. நான் சொல்லிடறேன்."

எனக்கு அப்போது அம்மாவைப் பற்றிய கவலை இல்லை. ஒரே காட்சி என்றால் அண்ணனும் தம்பியும் ஒரே அரங்கத்தில் உட்கார வேண்டும். இடைவேளையில், வாசலில், கழிவறையில் மோதிக்கொள்ளலாம். அம்மாவின் பிறந்தநாளில் இவர்கள் நூறு பேர் முன்னால் கத்திக்கொள்வதை என் கண்முன்னே பார்த்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அறைக்குப் போனேன், அங்கே இல்லை. முகம் கழுவிவிட்டுக் கிளம்பியிருப்பார், எப்படியும் சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வருவார் என்று நினைத்து, முதலில் அரங்கத்து முகப்புக்குப் போனேன். அங்கே பெரிய வரிசை. எல்லோருடைய முன்பதிவும் கலைந்துபோயிருந்தது. ஒருவழியாக அண்ணனுக்குக் கீழே முன்வரிசையிலும், தம்பிக்கு மேல் மாடத்தில் கடைசியிலும் இடம் வாங்கினேன். சாப்பாட்டு மேசையை மாற்ற இன்னொரு வரிசை. அதிலும் நின்றேன்.

அந்த வரிசையில் நிற்கும்போதுதான் முதல் இரவு பரிமாறிய இந்தோனேசியப் பையன் ஓடி வந்தான்.

"காக்கா, இபு... இபு ஜாத்தோ!" என்றான். அக்கா, அம்மா விழுந்துவிட்டார்கள்.

கூடத்து வாசலில் ஒரு நீள இருக்கை. அதன் காலடியில் அம்மா பக்கவாட்டில் கிடந்தார். நீலப் பட்டு முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் கோணி எச்சில் வழிந்தது. உள்ளே இரண்டாவது கேக் மேசைமேல் மெழுகுவர்த்தியோடு தயாராக இருந்ததைப் பார்த்தேன். யாரோ ஆரஞ்சுச் சாற்றைக் கொண்டுவந்து அம்மாவின் வாயில் ஊற்றப் பார்த்தார்கள், வேறு யாரோ கூடாது என்று தடுத்தார்கள். சக்கர நாற்காலி வந்தது. நான் அம்மாவின் ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன்.

கப்பலின் மருத்துவ நிலையம் அடித்தளத்தில் இருந்தது. வெள்ளைச் சுவர், எஞ்சின் சத்தம். சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று சொல்லி நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அண்ணனும் அண்ணியும் ஒரு மின்தூக்கியில் வந்தார்கள். அது மூடுவதற்குள் பக்கத்து மின்தூக்கி திறந்து தம்பி வந்தான். ஒரே அரங்கத்திலிருந்து ஒரே செய்தி கேட்டு வந்தவர்கள், அந்த அவசரத்திலும் ஒன்றாக ஏறவில்லை.

தாதி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அம்மா கடைசியாக எப்போது சாப்பிட்டார், ஊசி எப்போது போட்டார்?

"அஞ்சரைக்கு எங்களோட சாப்பிட்டாங்க" என்றார் அண்ணன்.

"சாப்பிடல" என்றான் தம்பி, என்னைப் பார்த்து. "அம்மா எங்களுக்காக வெயிட் பண்ணாங்க. தினமும் எங்களோடதான் சாப்பிட்டாங்க. அவருகிட்ட சொல்லுக்கா, பொய் சொல்லக் கூடாதுன்னு."

"நான் ஏன் பொய் சொல்றேன்? மூணு நாளா என் மேசையிலதான் சாப்பிட்டாங்க. அவன்கிட்ட நீயே சொல்லு."

தாதி இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இது பதில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். மூன்று நாளாக அம்மா இரண்டு முறை சாப்பிடுகிறார், முதலில் அண்ணனோடு, பிறகு தம்பியோடு. இன்று முதல் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை, இரண்டாவது தள்ளிப்போய்விட்டது. ஊசியைப் பற்றி எனக்குத் தெரியாது.

அதற்குள் அம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. கட்டிலிலிருந்து மெல்லிய குரலில் அவரே சொன்னார்.

"ரெண்டு தடவ போட்டேன். ரெண்டு தடவ சாப்பிட்டா ரெண்டு தடவ போடணும்ல? இன்னைக்கும் ஏழரைக்குச் சாப்பாடுன்னு போட்டுக்கிட்டு வந்து ஒக்காந்தேன். யாரும் வரல."

நான் அதை ஆங்கிலத்தில் தாதிக்குச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அறையில் நாங்கள் மட்டும் இருந்தோம். இனி சமாதானமாகிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படிக் கிடக்கும்போது வேறென்ன நினைக்கத் தோன்றும்? ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பி முதல் தடவையாக அண்ணனை நேராகப் பார்த்துப் பேசினான்.

"கண்ணு முன்னால ஒக்காந்திருக்கிறவங்க சாப்பிடறாங்களா இல்லையான்னுகூடப் பாக்கத் தெரியாதா? அப்பாவத் தண்ணியில விட்டு முடிச்சீங்க. அடுத்தது அம்மாவா?"

அண்ணி, "தம்பி, போதும்" என்றார். அண்ணன் அவரைக் கையால் விலக்கினார். அவர் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஒனக்குத் தெரியணுமா? சரி, தெரிஞ்சுக்க. நீ போன் பண்ண அன்னைக்கே நான் கார எடுத்து வெளிய விட்டுட்டேன். அப்பாவோட துணியெல்லாம் பேக் பண்ணிட்டேன். அவருதான் ஏறல. சின்னவன் வீட்டுக்கா, அங்க போறதுக்கு இங்கயே செத்துப்போறேன்னாரு. கதவப் புடிச்சிட்டு நின்னாரு. தூக்கிட்டா போவ முடியும்? அதான் மேடு, தண்ணி ஏறாதுன்னு ஒன்கிட்ட சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? ஒங்கப்பனுக்கு ஒன் வீடு ஆகலன்னு சொல்லவா?"

தம்பியின் முகத்தில் இரத்தம் இல்லை. அவன் அண்ணனை விட்டுவிட்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனான். அம்மாவின் கையில் ஊசி குத்தியிருந்த இடத்துக்குக் கீழே விரல்களைப் பிடித்தான்.

"அம்மா. அப்பா அப்படியா சொன்னாரு?"

அம்மா அவனைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். ஏன் இதைச் சொன்னாய் என்று கேட்பது போல ஒரு பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, சொல்லுங்கம்மா."

அம்மா திரும்பவில்லை. அவன் கையை விட்டான். வந்த வழியே போய் மின்தூக்கிப் பொத்தானை அழுத்தினான். அது வருவதற்கு நேரமானது. அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள்கள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் அவனிடம் போகவில்லை. நானும் போகவில்லை.

மறுநாள் முழுக்கக் கடல்தான். அம்மாவை மதியத்துக்குள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தம்பி குடும்பத்தை எங்கும் காணவில்லை. அவன் மனைவி மட்டும் ஒருமுறை எங்கள் கதவைத் தட்டி, அம்மா எப்படி இருக்கிறார் என்று வாசலில் நின்றபடி கேட்டுவிட்டுப் போனாள். கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அவரிடம் பேசவில்லை. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். மாலையில் செயலி என் தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாக நினைவூட்டியது, முதல் பந்தி, இரண்டாம் பந்தி, அரங்கில் நிறைவு நாள் காட்சி என்று. ஒவ்வொன்றாக ரத்து செய்தேன். கப்பல் என்னிடம் காரணம் கேட்டது. உடல்நலம் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

மேல்தளத்தில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடும் இடத்திலிருந்து கஞ்சி வாங்கி வந்தேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தார்.

"அப்பா ஏம்மா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டேன். எனக்கும் அது அதுவரை தெரியாது. அப்பா தம்பி வீட்டிலிருந்து ஒரு மாதத்தில் திரும்பியது, அந்த இடம் பழகவில்லை என்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுக்கு யாரோ பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. அவன் ஆபீஸ்காரங்க. அப்பா கைலியோட ஹால்ல ஒக்காந்திருக்காரு. கையெல்லாம் ஊசி குத்தி வீங்கிக் கெடக்குல்ல, அதோட. சின்னவன் வந்து, அப்பா, அவங்க போற வரைக்கும் பின்னால ரூம்ல இருங்கன்னிருக்கான். அவ்வளவுதான். கெட்டதா ஒண்ணும் சொல்லல. இவரு உள்ள போனாரு, அவங்க போனப்புறம் யாரும் வந்து கூப்பிடல. மறந்துட்டாங்க. ராத்திரி சாப்பாடு எடுத்துட்டு வரப்பத்தான் ஞாபகம் வந்திருக்கு. மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போங்கன்னு பெரியவனுக்குப் போன் போட்டுட்டாரு."

"நீங்க சின்னவன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? செத்தவரு போய்ட்டாரு. அவனும் இவனும் அடிச்சிக்கிட்டாங்க, சரி. ஒரு நாளு நின்னுடும்னு நெனச்சேன். இது தெரிஞ்சா அவன் எப்படி நிப்பான்?" கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். "பெரியவன் மனசுல இத வச்சிட்டு இருந்தான் பாரு, அதுவரைக்கும் எனக்கு அவன்மேல மரியாதை இருந்துச்சு. நேத்து எடுத்து வீசிட்டான்."

காலையில் சிங்கப்பூரில் இறங்கினோம். கஸ்டம்ஸ் வரிசையில் தம்பி எங்களுக்கு வெகு முன்னால் நின்றான், திரும்பிப் பார்க்கவில்லை. பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்ததும் அண்ணன் கார் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்ப் பின்கதவைத் திறந்துவைத்தார். அம்மா அதில் ஏறவில்லை.

"நான் கொஞ்ச நாளு இவகூட இருக்கேன்" என்று என்னைக் காட்டினார்.

"அம்மா, ஒங்க மருந்தெல்லாம் வீட்ல இருக்கு."

"அனுப்பிவிடு."

அண்ணன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக மூடினார். அண்ணி முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் என்று சொல்லி வந்த அம்மா இன்றுவரை என்னோடுதான் இருக்கிறார். பகலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். ஊசியைக் காலையில் கிளம்புமுன்னும் இரவு வந்த பிறகும் நானே போடுகிறேன், மதியத்து ஊசியை மருத்துவர் எடுத்துவிட்டார். அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை சிகாமட்டிலிருந்து வருகிறார். பழம் வாங்கி வருகிறார். அம்மா அவரிடம் பேசுகிறார், மழை பெய்கிறதா, கூரை ஒழுகுகிறதா, பேரப்பிள்ளைகளின் படிப்பு எப்படி என்று. கப்பலைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை எடுத்ததில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால், வழியில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுந்துவிடுவார்.

தம்பி என் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில்தான் இருக்கிறான். வருவதில்லை. அந்தத் தீபாவளிக்கு அவன் மனைவியும் மகளும் மட்டும் வந்து அம்மாவின் காலில் விழுந்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். அவன் இப்போது சரியாகத் தூங்குவதில்லை என்று அவன் மனைவி சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னாள். பின்னால் இருந்த அந்த அறையின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டானாம்.

போன மாதம் அவனே என்னைக் கூப்பிட்டான். நான் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பேருந்தில், பாலத்தின் நெரிசலில் நின்றுகொண்டிருந்தேன். நலம் விசாரிக்கவில்லை.

"அக்கா, அப்பா அன்னைக்கு என்ன சொன்னாரு? அந்த ஆளு சொன்னது வேணாம். அம்மா காதால கேட்டாங்கல்ல, சரியா என்ன வார்த்தைன்னு கேட்டுச் சொல்லு. செத்துப்போறேன்னுதான் சொன்னாரா, இல்ல வேற மாதிரி சொன்னாரா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"அவனே வந்து கேக்கட்டும். வந்தா சொல்றேன்."

அதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று தெரிகிறது. பதில் வரவில்லை.